பனி டயருக்கு ஒரு பொட்டு

அன்று காலை டயர்கள் நாச்சிமுத்துவை நேரில் பார்க்க வரச் சொல்லியிருந்தன. அதனால் விடிந்ததிலிருந்தே அவன் ஒரு நிலையில் இல்லை. சலவைச் சட்டையை மாட்டினான், கழற்றினான், வேறொன்றை மாட்டினான். தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரினான். ஓட்டுநர் நடத்தைச் சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்து, அதன் முத்திரை வெளியே தெரிகிற மாதிரி இழுத்துவிட்டான். தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் ஒரு முழம் மல்லிகையும் எடுத்து வைத்திருந்தான். டயர்களுக்குப் பழம் தின்ன வாய் இல்லைதான். ஆனால் வெறுங்கையோடு வருகிற ஆளை அவை மதிப்பதில்லை என்று மச்சான் சிவமலை சொல்லியிருந்தான்.

சிவமலை, நாச்சிமுத்துவின் மனைவி பூரணிக்கு அண்ணன். போன குளிர்காலத்தில் டயர்களிடம் போய்த் தேறி வந்தவன். அதிலிருந்து ஊருக்குள் அவன் நடையே வேறு.

உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். உங்கள் ஊரில் நீங்கள் டயரைப் பார்க்கிறீர்கள், தட்டுகிறீர்கள், பேரம் பேசுகிறீர்கள், மாட்டிக்கொண்டு போகிறீர்கள். செவ்வாய்க் கோளின் செங்கொங்கில் அது நடக்காது. பம்பு செட்டு செய்து பழகிய கோயமுத்தூர்க்காரர்கள் சிலர், மண்ணுக்கடியில் கிடக்கும் பனியை உறிஞ்சியெடுக்கும் வேலைக்கு வந்து, பிள்ளைகுட்டிகளோடு அங்கேயே தங்கிவிட்ட ஊர் அது. வெயில் காலத்தில் வம்பில்லை. காய்ந்த செம்மண் தரை, எந்த டயரும் ஓடும். குளிர்காலம் வந்தால்தான் தொல்லை. அந்தக் குளிரில் காற்றே உறைந்து தரையில் படிந்துவிடும். அதற்கு உலர்பனி என்று பெயர். உலர்பனி உருகித் தண்ணீராகாது. சூடு பட்டால் நேரே ஆவியாகும். சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் நிற்காமல் துளித்துளியாக ஓடுமே, பார்த்திருப்பீர்கள். செங்கொங்கில் டயர்தான் தோசைக்கல். சூடான டயர் பனியின் மேல் ஏறியதும் அடியில் ஆவி கிளம்பி வண்டியைத் தூக்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புவதும் ஒன்றுதான், சாமி கும்பிடுவதும் ஒன்றுதான்.

வேகமாகப் போனால் டயர் சூடாகும், டயர் சூடானால் வண்டி மிதக்கும். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மெதுவாகப் போ என்று சொன்னால் கேட்கிற ஆள் எந்தக் கோளில் இருக்கிறான்? முதல் சில குளிர்காலங்களில் விற்ற அறிவுள்ள டயர்கள், ஓட்டுகிறவர் சொன்னபடியெல்லாம் ஓடின. சொன்னவர்களோடு சேர்ந்து அவை இன்னும் ஊருக்கு வெளியே இருக்கிற பெரும்பள்ளத்தின் அடியில் கிடக்கின்றன. பிறகுதான் சட்டம் வந்தது. தன்னை ஓட்டப் போகிறவரைப் பார்த்துப் பேசி, பிடித்தால் ஒத்துக்கொள்ளவும் பிடிக்காவிட்டால் மறுக்கவும் டயருக்கு உரிமை உண்டு. அரசாங்கம் அந்த டயர்களுக்கு 'மதியுருளி' என்று அழகாகப் பெயர் சூட்டியது. ஜனங்கள் டயர் என்றே சொன்னார்கள்.

நாச்சிமுத்துவுக்கு இந்தக் குளிர்காலத்தில் டயர் கிடைத்தே ஆக வேண்டும். பூரணி நிறைமாதம். முதல் பிள்ளை தங்காமல் போய், கோயில் குளம் என்று அலைந்து, வருடக்கணக்கில் காத்திருந்து உண்டான பிள்ளை. செவ்வாயில் மனிதன் எடை பூமியில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. அந்தக் குறைந்த ஈர்ப்பில் குழந்தை சரியாகத் தலை இறங்காது என்பதால் பிரசவத்துக்கு ஈர்ப்பறை வேண்டும். ராட்டினம் மாதிரி சுற்றிச் சுற்றிப் பூமியின் எடையை வரவழைக்கிற அறை அது. இருப்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, பொன்னூற்று என்கிற ஊரில். வலி கண்ட பிறகுதான் அங்கே படுக்கை தருவார்கள். பனிக்காலத்தில் ரயில் ஓடாது. ஆம்புலன்ஸ் இருக்கிறது, சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒன்று. ஆகவே சொந்த வண்டிதான் கதி.

அந்தச் சொந்த வண்டிதான் சிக்கல். நாச்சிமுத்து வைத்திருந்தது வல்லூறு. மணிக்கு நானூறு கிலோமீட்டர் பறக்கும் பந்தய ரகம், செக்கச் சிவப்பு. ஊர் முழுவதையும் மூடியிருக்கிற கூரைக்குள் முப்பதைத் தாண்டக் கூடாது என்பதால், வாங்கிய நாளிலிருந்து அதில் அவன் பெரும்பாலும் காய்கறி வாங்கத்தான் போய் வந்திருக்கிறான். ஒரே ஒரு தடவை, வெயில் காலத்தில், வெட்டவெளியில் முந்நூறைத் தொட்டான். அந்த ஒரு தடவை சான்றிதழில் ஏறி உட்கார்ந்துகொண்டது. டயர்கள் அதைப் படிக்கும் என்பதுதான் அவன் கவலை.

டயர் மண்டபத்தில் வரிசையாக மேடைகள். மேடைக்கு நான்கு டயர்கள், எதிரே இரண்டு நாற்காலிகள். நாச்சிமுத்து தட்டை வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பூரணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

முதல் மேடையில் இருந்தவை அகலமான, பளபளக்கிற கருப்பு டயர்கள். அவை ஒரே கேள்விதான் கேட்டன, வண்டி என்ன நிறம் என்று. சிவப்பு என்றதும் நான்கும் ஒரே குரலில் சம்மதம் என்றன. நாச்சிமுத்துவுக்கு முகமெல்லாம் பல். பூரணி மட்டும், குடித்துவிட்டு ஓட்டுகிறவன் வந்து கேட்டாலும் சம்மதமா என்று விசாரித்தாள். அவன் வண்டி என்ன நிறம் என்று டயர்கள் கேட்டன. அவள் எழுந்துவிட்டாள்.

இரண்டாவது மேடையில் ஆணி பதித்த டயர்கள். கண்டிப்பான பேர்வழிகள். சான்றிதழை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தன. முந்நூறு கிலோமீட்டர் வந்த இடத்தில் நின்றுகொண்டன. மரியாதையாகத்தான் பேசின. ஆனால் இந்த வேகத்துக்கும் தங்கள் ஆணிக்கும் ஒத்துவராது என்று சொல்லி, மல்லிகைக்கு மட்டும் நன்றி தெரிவித்தன. நாச்சிமுத்துவுக்குச் சலவைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த மேடைதான் கடைசி மேடை.

அதில் இருந்தவற்றைப் பார்த்ததும் அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒல்லியாக, சாம்பல் நிறத்தில், கம்பியால் பின்னிய டயர்கள். கம்பி வலை சூடு பிடிக்காது, பிடித்தாலும் சீக்கிரம் ஆறிவிடும் என்பது அவற்றின் நுட்பம். ஆனால் வல்லூறுக்கு இதை மாட்டுவது, பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளைக்கு ரப்பர் செருப்பு போட்டுவிடுவது மாதிரி. நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? குறிப்பாகச் சிவமலை என்ன சொல்வான்? அவன் பூரணியைப் பார்த்தான். பூரணி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கில் ஒன்றுதான் பேசியது. வண்டியின் முன்பக்கம் இடப்புறம் மாட்ட வேண்டிய டயர் அது. மற்ற மூன்றும் அதற்கு 'உம்' கொட்டின. அது சான்றிதழைக் கேட்கவே இல்லை. வண்டியில் யார் யார் வருவார்கள் என்று கேட்டது. நாச்சிமுத்து சொன்னான். எத்தனையாவது பிரசவம் என்று கேட்டது. அதையும் சொன்னான், முதல் பிள்ளை தங்காமல் போனதையும் சொன்னான். டயர் குரலைத் தணித்துக்கொண்டு, அம்மிணிக்குச் சாப்பாடு இறங்குகிறதா, கால் வீக்கம் இருக்கிறதா என்று விசாரித்தது. மண்டபத்தில் யாரும் கேட்காததை ஒரு கம்பி வளையம் கேட்டதும் பூரணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாச்சிமுத்துவும் நெகிழ்ந்துதான் போனான். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க அதிகபட்சம் எவ்வளவு வேகம் போவீங்க?"

டயர் திருப்பிக் கேட்டது.

"உங்களுக்கு எவ்வளவு வேணுமுங்க?"

அந்தப் பதிலில் நாச்சிமுத்து விழுந்துவிட்டான். அவன் வாழ்க்கையில் யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. அரசாங்கம் கேட்டதில்லை, முதலாளி கேட்டதில்லை, மாமனார் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஜீவன் டயர். கையெழுத்துப் போட அவன் துள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

அவன் போனதும் டயர் பூரணியைக் கூப்பிட்டது. "அம்மிணி, ஒரு வார்த்தைங்க."

விஷயம் இதுதான். செவ்வாயில் கார்களுக்கு ஜன்னல் கிடையாது. வெளியே கதிர்வீச்சு அதிகம் என்பதால் சுற்றிலும் கெட்டித் தகடு. உள்ளே சுவர் முழுக்கத் திரை. டயரில் உள்ள கண்கள் என்ன பார்க்கின்றனவோ அதுதான் திரையில் தெரியும். அதாவது, டயர் எதைக் காட்டுகிறதோ அதுதான் ஓட்டுநருக்கு உலகம். கூட வருகிறவர் சம்மதித்தால், உயிரைக் காப்பாற்றுவதற்காக டயர் வேறு படம் காட்டலாம் என்று சட்டத்தில் ஒரு மூலையில் இடமிருக்கிறது. வண்டி உங்கள் ஊர் டவுன் பஸ் வேகத்தில் போகும். திரையில் பறக்கும். அதிக வேகத்தில் போயும் ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று ஓட்டுகிறவர் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, நேர்வழி அடைபட்டிருக்கிறது, மலையைச் சுற்றிப் போகிறோம் என்று திரையில் ஒரு நீண்ட பாதையையும் வரைந்துவிடும்.

பூரணி ஊரின் காற்றடைப்புக் கதவுகளைச் சோதிக்கிற வேலையில் இருப்பவள். ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டாள். அவள் தயங்கினாள்.

"அவருகிட்டப் பொய் சொன்ன மாதிரி ஆயிராதுங்களா?"

"பொய்யில்லீங்க அம்மிணி, படம். காலு அவரு இஷ்டத்துக்கு அமுக்கட்டும். வண்டி நம்ம இஷ்டத்துக்குப் போகட்டும்."

உள்ளேயிருந்து நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே வந்தான். பூரணி வயிற்றைத் தடவிக்கொண்டு டயரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

டயர் மாட்டியாயிற்று. அடுத்தது பூஜை. வண்டிக்குப் புதிதாக எதை மாட்டினாலும் பூஜை போடாமல் நகர்த்தக் கூடாது என்பது செங்கொங்கின் வழக்கம். ராக்கெட்டின் மூக்கிலேயே திருநீற்றுப் பட்டை அடித்து அனுப்புகிற ஊர். நாச்சிமுத்து சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தான். டயர் பதறிவிட்டது. கூரைக்குள் ஈரமாக இருக்கிற சாறு வெளியே போனதும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், அப்புறம் பிடிப்பு போய்விடும் என்று கெஞ்சியது. எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டி எடுத்தால் தனக்குப் பிடிப்பு போய்விடும் என்றான் நாச்சிமுத்து. கடைசியில், நசுக்கியதும் உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். துடைத்தது பூரணி. சந்தனம் குங்குமம் எல்லாம் வண்டியின் முகப்புக்கும் ஸ்டியரிங்குக்கும் திரைக்கும் போயிற்று. தரையில் படுகிற இடத்தில் சந்தனம் வைத்தாலும் வழுக்கும் என்பதால் டயர்களுக்கு ஒரு பொட்டுக்கூட இல்லை. மிச்சமிருந்த ஒரு எலுமிச்சம்பழத்தைப் பச்சை மிளகாயோடு நூலில் கோத்து, கண் பட்டுவிடக் கூடாது என்று வண்டிக்குள் மேலிருந்து தொங்கவிட்டான். யார் கண் என்று அவன் சொல்லவில்லை. சிவமலை அப்போதுதான் அந்தப் பக்கம் போனான்.

வலி ஒரு மத்தியானம் வந்தது. சாப்பிட உட்கார்ந்த பூரணி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண்ணைப் பார்த்த உடனே நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. அவளைத் தூக்கி வண்டியில் வைத்தான். கூரைக் கதவு திறந்தது. வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உலர்பனி.

அவன் காலை அமுக்கினான். திரையில் தரை பின்னால் பாய்ந்தது. நூறு, நூற்றைம்பது, இருநூறு. நேர்வழியில் தரை இறங்கியிருக்கிறது, காவிமலையைச் சுற்றிப் போக வேண்டும் என்று டயர் அறிவித்தது. நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றான். ஒவ்வொரு வளைவையும் உயிரைக் கொடுத்துத் திருப்பினான். பாறைகள் இரண்டு பக்கமும் விர்விர்ரென்று போயின. இருக்கை குலுங்கியது. தொங்கிய எலுமிச்சம்பழம் அங்குமிங்கும் ஆடியது.

நிஜத்தில் வண்டி நேர்வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. நான்கு டயர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, பனியைத் தடவித் தடவி, ஓர் அங்குலம் கெட்டித் தரை கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தன. ஒன்றுக்குச் சூடேறினால் மற்ற மூன்றும் பாரத்தைத் தாங்கின. இருக்கையைக் குலுக்குவதும் அவைதான். ஐம்பது கிலோமீட்டர் முழுக்க அவை தரையைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை.

பூரணிக்கு ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது. அப்போதெல்லாம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றி நரம்பு புடைக்க, இல்லாத வளைவில் இல்லாத பாறைக்கு ஒதுங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. இப்படி ஓட்டுகிறானே என்று அன்பும் பொங்கியது. அவன் தொடையில் கையை வைத்துக்கொண்டாள்.

பாதி தூரத்தில் ஒரு இறக்கம். பின்பக்கத்து வலது டயர் அளவுக்கு மீறிச் சூடாகி, ஒரு முழம் வழுக்கிவிட்டது. பக்கத்தில் பெரும்பள்ளம். நான்கு டயர்களும் அங்கேயே நின்றுவிட்டன. சூடு ஆறும் வரை அசையக் கூடாது. இருக்கையைக் குலுக்கினால்கூட ஆபத்து. ஆகவே திரையில் ஒரு நெடிய, நேரான, வழவழப்பான சமவெளியை விரித்து, இனி மேடு பள்ளம் இருக்காது, தைரியமாக அமுக்கலாம் என்று டயர் சொன்னது. நாச்சிமுத்து அமுக்கினான். முந்நூற்று இருபது. முந்நூற்று ஐம்பது. முந்நூற்று எண்பது. அவன் வாழ்நாளிலேயே அதிக வேகத்தில் போனது, வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

அப்புறம் வண்டி மெல்ல நகர்ந்தது. பொன்னூற்றின் கதவு திறந்து மூடியது. ஈர்ப்பறையின் செவிலிகள் கட்டிலோடு ஓடி வந்தார்கள். கட்டிலில் ஏற்றும்போது பூரணி கையை நீட்டி, எட்டிய இடத்தில் இருந்த முன் இடது டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாச்சிமுத்து அதைப் பார்த்தான்.

பெண் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தீர்கள் என்று மருத்துவர் சொன்னார். வழியில் எங்கேயாவது கவிழ்ந்து கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. நாச்சிமுத்து சுவரில் சாய்ந்து சத்தம் வராமல் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வண்டியைப் பற்றிச் சொன்னான். வல்லூறு இல்லாவிட்டால் தன் குடும்பமே இல்லை என்றான். காவிமலையைச் சுற்றிக்கொண்டு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் தூரம். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். பூரணி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, ஆமாம், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டோம் என்றாள்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. செங்கொங்கில் தீபாவளியைவிட அதுதான் பெரிய பண்டிகை. மோட்டார், பம்பு, துளையிடும் எந்திரம், காற்று வடிகட்டி, எதை நம்பி மூச்சு விடுகிறார்களோ அத்தனைக்கும் அன்று பொட்டு உண்டு. முதல் நாள் சாயங்காலமே நாச்சிமுத்து வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டான். பிறகு ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு, பூரணி உள்ளே குழந்தையைத் தூங்க வைக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, முன் இடது டயரின் பக்கத்தில் குந்தினான்.

"உங்களுக்கு எங்கங்க வெக்கறது? ஓடற பக்கம் வெச்சா வழுக்குமல்ல."

டயரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"உள்பக்கமா, அச்சுக்கு ஒட்டுனாப்பல வெய்யுங்க. அங்க தரை படாதுங்க."

அவன் தரையில் படுத்து, கையை உள்ளே விட்டு, துழாவி, பொட்டு வைத்தான். நான்குக்கும் வைத்தான். வெளியே வந்தபோது சலவைச் சட்டையெல்லாம் மசி. எழுந்திருக்காமல் அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எம் பொண்டாட்டியும் புள்ளையும் உசுரோட இருக்கறது உங்க நாலு பேராலதானுங்க. அன்னைக்கு வண்டி நின்னுட்டிருந்தது எனக்குத் தெரியுமுங்க."

"எப்படீங்க தெரிஞ்சுது?"

"முன்னூத்தி எம்பதுல போறப்ப எலுமிச்சம்பழம் ஆடவே இல்லீங்க. தூக்குக்குண்டு கணக்கா நேராத் தொங்குச்சு."

பிறகு அவன் எல்லாவற்றையும் கொட்டினான். கூரைக் கதவு திறந்ததிலிருந்தே தொடை நடுங்கிக்கொண்டிருந்ததாம். வேகமாகப் போனால் கவிழ்ந்துவிடும், மெதுவாகப் போனால் பூரணி பயந்துவிடுவாள், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சாமியை வேண்டியபடியே ஓட்டினானாம். ஆடாத எலுமிச்சம்பழத்தைப் பார்த்தபோதுதான் போன உயிர் திரும்பி வந்ததாம். அப்பாடா, யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று இருந்ததாம். அதற்கப்புறம் இன்னும் பலமாகக் காலை அமுக்கி, இன்னும் ஆவேசமாக ஸ்டியரிங்கைத் திருப்பினான். எல்லாம் பூரணிக்காக. புருஷன் பறந்துகொண்டு போகிறான் என்கிற தைரியத்தில்தான் அவள் வலியைத் தாங்கினாள், அதைக் கெடுக்க வேண்டாம், அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

சொல்லமாட்டோம் என்று டயர் வாக்குக் கொடுத்தது. இதே வாக்கை அது பூரணிக்கும் கொடுத்திருந்தது. இரண்டையும் காப்பாற்றுவதில் அதற்கு ஒரு சங்கடமும் இல்லை.

வேறு யாராவது இப்படிக் கண்டுபிடித்ததுண்டா என்று நாச்சிமுத்து கேட்டான். பெயர் சொல்லக் கூடாது, ஆனால் பனியில் வண்டி எடுத்த எல்லோருமே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றது டயர். சிலருக்கு எலுமிச்சம்பழம் காட்டிக்கொடுக்கும். சிலருக்கு டம்ளரில் அலுங்காத காப்பி. கண்டுபிடித்ததும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள், காலை இன்னும் கொஞ்சம் அமுக்குகிறார்கள். நாச்சிமுத்துவுக்கு மச்சான் சிவமலையின் நடை ஞாபகம் வந்து, அவன்மேல் முதல் முறையாக ஒரு பிரியம் உண்டாயிற்று.

பிறகு அவன், உங்களுக்கு நான் என்ன செய்யட்டும், என்ன கேட்டாலும் செய்கிறேன் என்றான். டயர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டது.

"நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க, எவ்வளவு வேகத்துல போனீங்கனு. உங்க மச்சான் முன்னூத்தித் தொண்ணூறுனு சொல்லிட்டிருக்காருங்க. நீங்க அதுக்குக் கம்மியாவே சொல்லிப்போடுங்க. நீங்க ஏத்திச் சொன்னா, அடுத்த தடவ அவரு டயரு அதுக்கும் மேல காட்டோணும். அந்த வேகத்துக்குத் திரையில பாறை நெறையா வேணுமுங்க. வரஞ்சு வரஞ்சு எங்களுக்கு முடியல."

இவ்வளவுதானா என்றான் நாச்சிமுத்து. பொட்டு வைத்த கையால் சக்கரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தான். இருநூறு என்று சொல்கிறேன், இனி வேகப் பேச்சே கிடையாது என்றான். அதை மனசாரத்தான் சொன்னான். அந்த நிமிஷத்தில் செவ்வாய்க் கோளில் அவனைப் போல நன்றியுள்ள மனிதன் இல்லை.

மறுநாள் காலை வண்டிக்கு மாலை போட்டாயிற்று. ஊரே கூடியிருந்தது. பொரிகடலையும் சுண்டலும் கைமாறிக்கொண்டிருந்தன. பூரணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். சக்கரங்களுக்கு அடியில் நான்கு எலுமிச்சம்பழங்கள், பக்கத்தில் துடைப்பதற்கு உலர்ந்த துணி. சிவமலை புது வேட்டியில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஏனுங்க மாப்ள, அன்னைக்கு நீங்க எவ்வளவுல போனீங்க?"

எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் டயரைப் பார்த்தான். உள்பக்கத்துச் சந்தனப் பொட்டு வெளியே தெரியவில்லை, ஆனால் அது இருக்கிற இடம் அவனுக்குத் தெரியும். குழந்தையைப் பார்த்தான். இருநூறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அதென்னங்க மச்சான், ஒரு நானூத்திப் பத்து இருக்கும்."

வல்லூறின் உச்ச வேகமே நானூறுதான். அது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பனியில் வண்டி எடுத்த அத்தனை பேருக்கும் மற்றதும் தெரியும். இருந்தாலும் எல்லோரும் 'ஆ' என்று வாயைப் பிளந்தார்கள். சில பேர் கை தட்டினார்கள். பூரணி பெருமை தாங்காதவள் போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது, நான்கு டயர்களும் எலுமிச்சம்பழங்களை நசுக்கின. பூரணி குனிந்து துடைத்தாள்.

சிவமலை மட்டும் கை தட்டவில்லை. சுண்டலைக்கூட வாங்காமல் தன் வண்டி நிற்கிற கொட்டகையைப் பார்த்து நடந்தான். அன்று சாயங்காலமே அவனுடைய டயர்கள் நான்கும் புதுப் பாறைகள் வரையத் தொடங்கின.